சுபேதார் கிணற்றுப் பொட்டு மீன்கள்

ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். என் பென்ஷன் காகிதத்தில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று அர்த்தம். போன மாதம் வந்த போன் அப்படியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த அதே கொசு ஒழிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆய்வாளர் ஷர்மிளா பேசினாள். என் மகள் வயசுதான் இருக்கும்.

“அம்மா, இனிமே கொசுப்புழு திங்க கிணத்துல கம்பூசியா மீன் விட வேண்டாங்காங்க. வெளிநாட்டு மீனாம், நம்ம ஊரு மீனையெல்லாம் தின்னு அழிச்சிருதாம். உள்ளூர் மீனைத்தான் வளத்து விடணுமாம். தலையில வெள்ளிப் பொட்டு வச்ச மீனு ஒங்க காலத்துல தொட்டியில இருந்துச்சாமே? அது எங்க கெடைக்கும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கண் கலங்கிவிட்டது. இதைத்தானே எங்கள் சண்முகவேல் சார் முப்பது வருஷத்துக்கு முன்னால் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார்! அன்றைக்கு ஒருத்தராவது காதில் போட்டுக்கொண்டார்களா? ஷர்மிளாவுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதித் தாருங்கள், புதிதாக வந்த பிள்ளைகளும் படிக்கட்டும் என்றாள். எழுதுகிறேன்.

நான் தளவாய்புரத்துக்காரி. என் வீட்டுக்காரர் இந்தப் பிரிவில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். அவர் பஸ் விபத்தில் இறந்ததால் கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. இரண்டு சின்னப் பிள்ளைகளை ஆத்தா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். பயிற்சி என்று ஒன்று நடந்தது. கரும்பலகையில் கொசு வரைந்து காட்டினார்கள். அதில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். புழு தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் அது மலேரியாக் கொசுவின் புழு, தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு.

அலுவலகத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் நான் டீ வாங்கிக் கொடுக்கவும் பைல் அடுக்கவும்தான் லாயக்கு என்று முடிவு கட்டியிருந்தார்கள். மலேரியா ஆய்வாளர் சண்முகவேல் சார் மட்டும் என்னைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வேப்ப மரத்தடியில் வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள்.

“இந்தாங்கம்மா லட்சுமி, இனிமே இது ஒங்க பொறுப்பு.”

“சார், எனக்கு மீனுன்னா கொழம்பு வைக்கத்தான் தெரியும்.”

“அது போதும். மீனு நல்லா இருக்கா கெட்டுருச்சான்னு பாத்து வாங்குதீங்கல்ல? அந்தக் கண்ணுதான் வேணும்.”

சாருக்குத் தென்காசிப் பக்கம். வெள்ளைச் சட்டை, தேய்ந்த செருப்பு, சைக்கிள். யாரையும் ‘நீ’ என்று சொல்ல மாட்டார். மீனைக்கூட ‘அவிய’ என்பார். “அவிய இன்னிக்குச் சாப்பிடலையே, என்னன்னு பாருங்க” என்றால் எங்கள் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான்.

தொட்டி முழுக்கக் கம்பூசியா. பெட்டை பெரிசு, ஆண் குச்சி மாதிரி இருக்கும். முட்டை போடாது, குட்டியாகவே போடும். போட்ட கையோடு தன் குட்டியையே தின்றும் தொலைக்கும். அதனால் வேலம்பாசியைக் கட்டுக்கட்டாகப் போட்டு வைப்போம், குட்டிகள் அதற்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். எந்தக் கழிவுத் தண்ணீரிலும் பிழைக்கும், மளமளவென்று பெருகும். அரசாங்கத்துக்கு அதுதானே வேண்டும்!

கடைசியில் இருந்த சின்னத் தொட்டி மட்டும் வேறு. அதன் மேல் பழைய கொசுவலை கட்டியிருக்கும். அய்யனார் கோவில் ஓடையிலிருந்து சார் தன் கையால் பிடித்துவந்து வளர்த்த மீன்கள் அதில் இருந்தன. சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். தட்டையான தலை, மேலே பார்த்த வாய், நடு நெற்றியில் வெள்ளிப் பொட்டு. புத்தகத்தில் பெரிய பெயர் ஏதோ இருக்கிறது. எங்களுக்குப் பொட்டு மீன்.

ஓடையில் அது தண்ணீர் பாயும் இடத்தில் இருக்காது. கரையோரம், வேர் தொங்கும் நிழலில், மேல் தண்ணீரிலேயே அசையாமல் நிற்கும். பூச்சி விழுந்தால் ஒரே பாய்ச்சல். பயந்தால் தண்ணீரை விட்டே துள்ளிவிடும், அதற்குத்தான் வலை. முட்டை போடுவதும் அவசரமில்லாமல்தான். தினமும் ஒன்றிரண்டாக, வேரிலோ நாரிலோ ஒட்டவைக்கும். கடுகைவிடச் சின்னதாகக் கண்ணாடி மணி போல இருக்கும். ஓடை வேருக்குப் பதிலாகச் சார் ஒரு பழைய தென்னங்கயிற்றின் நுனியைப் பிரித்துத் தொட்டியில் தொங்கவிட்டிருந்தார். கயிற்றைத் தூக்கிப் பார்த்தால் நார் நாராக முட்டை ஒட்டியிருக்கும். பொரிக்க இரண்டு வாரம்போல ஆகும்.

“எதுக்கு சார் இந்தச் சோம்பேறி மீனு?” என்று கேட்டேன்.

“இது இந்த மண்ணு மீனும்மா. கம்பூசியாவைத் தொட்டியில விடுங்க, சாக்கடையில விடுங்க, மூடுன கிணத்துல விடுங்க. ஓடைப் பக்கம் மட்டும் கொண்டு போயிராதிய. அது அங்க போச்சுன்னா இவியளோட முட்டை, குஞ்சு எல்லாத்தையும் தின்னுரும். ஒருநா நாம இவியளைத் தேடி அலைவோம், பாத்துக்கிடுங்க.”

வீட்டுக்கு வீடு போய்த் தண்ணீர் பார்ப்பதில் சாருக்கு ஒரு முறை உண்டு. வாசலில் நின்று, “ஒரு செம்பு தண்ணி தாங்கம்மா” என்று கேட்பார். எந்தத் தெரு, யார் வீடு என்பதெல்லாம் கிடையாது. கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, “நல்ல தண்ணியா இருக்கே, எந்தக் கிணறு?” என்பார். அப்புறம் யார் அவரைத் தடுப்பார்கள்? கிணற்றடிக்கு அவர்களே கூட்டிக்கொண்டு போவார்கள். வெள்ளைப் பீங்கான் அகப்பையைச் சாய்த்துக் கிணற்றோரத் தண்ணீரை மொண்டு, அசையாமல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பயந்து அடியில் போன புழுக்கள் மூச்சு விட மேலே வந்துதானே ஆக வேண்டும்! அதற்குள் நாங்கள் அவசரப்பட்டால், “செத்த நேரம் பொறுங்க” என்று ஒரு விரலைத் தூக்குவார்.

மீன் விடுவதற்கும் முறை உண்டு. முந்தின நாள் தீனி போடக் கூடாது. பையில் தண்ணீர் கொஞ்சம், காற்று நிறைய. கொண்டுபோனதும் கொட்டிவிடக் கூடாது. பையை அப்படியே கிணற்றுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளும் புறமும் ஒரே சூடு ஆனபின்தான் வாயை அவிழ்க்க வேண்டும். இத்தனை பக்குவமாகக் காலையில் நாங்கள் மீன் விட்ட தெருவில், சாயங்காலம் எங்கள் அலுவலக ஆட்களே வந்து பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போன கூத்தும் நடந்தது. மறுநாள் மீனெல்லாம் மல்லாக்க மிதக்கிறது. தெருவே திரண்டு, கிணற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்று என்னை ஏசியது. சார் போய் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அலுவலகத்துக்கு வந்தும் சத்தம் போடவில்லை. பிளீச்சிங் ஆட்களையும் எங்களையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து வடை வாங்கிக் கொடுத்து, “இனிமே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டுப் போங்கய்யா” என்றார். அவ்வளவுதான்.

இனி ராஜபாளையத்துக் கிணற்றுக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ராஜபாளையத்தில் ஒரு தெருவில் மட்டும் மலேரியா விடாமல் வந்துகொண்டிருந்தது. தொட்டி, சாக்கடை எல்லாம் பார்த்தாயிற்று. எங்கே இருந்து வருகிறது என்று தெரியவில்லை. சார் தெருவின் ஒரு கோடியிலிருந்து நடந்தார், நான் பின்னால். ஒரு வீட்டுச் சுவரில் காவியால் ‘மீ’ என்று எழுதியிருந்தது. மீன் இருக்கும் கிணறு என்று எங்கள் ஆட்கள் போடும் குறி. அந்தக் குறி இருந்தால் யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை.

“இந்த வீட்டுல யாரு மீன் விட்டது?” என்று சார் கேட்டார். நான் விடவில்லை. வேறு யாரும் விட்டதாகவும் தெரியவில்லை.

அது ஒரு ரிட்டயர்டு ராணுவச் சுபேதாரின் வீடு. முறுக்கிய மீசை, இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மனைவி இல்லை. மகள் பத்மா பிரசவத்துக்கு வந்திருந்தாள். முன்னால் இரண்டு தடவை கலைந்துபோன பிள்ளை. இது மூன்றாவது, ஏழாவது மாதம். அந்தப் பெண் நடக்கும்போதே வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் நடப்பாள்.

சார் தண்ணீர் கேட்டுக் குடித்தார். சுபேதார் பெருமையாகக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், “ரா, ரா” என்று தெலுங்கில் கூப்பிட்டு ஒரு கை பொரியைத் தூவினார். அடியிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மீன் மேலே வந்து வாயைத் திறந்தது.

“எங்க வீட்டு செண்ட்ரி, காவக்காரன். எம் பொஞ்சாதி குஞ்சா விட்டது. அவ போயிட்டா, இவன் இருக்கான். இவன் இருக்கும்போது எங் கிணத்துல எப்பிடிய்யா கொசு வரும்? ஒங்காளுங்க வந்தாங்க, மீனு இருக்குன்னேன், எழுதிட்டுப் போயிட்டாங்க.”

சார் அகப்பையைச் சாய்த்து மொண்டார். ஒரு விரலைத் தூக்கினார். செத்த நேரத்தில் புழுக்கள் மேலே வந்தன. பரப்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டன. பயிற்சியில் சொன்ன மலேரியாக் கொசுவின் புழுவை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

விராலுக்கு இந்தப் புழுவெல்லாம் தீனியே இல்லை. தவளையும் சின்ன மீனும்தான் அதன் சாப்பாடு. நாங்கள் கம்பூசியாவை விட்டுப் பார்த்தோம், அடுத்த வாரம் ஒன்றுகூட இல்லை. இன்னொரு தடவை விட்டோம், அதுவும் போயிற்று. அரசாங்கச் செலவில் சுபேதாரின் விரால் கொழுத்தது. விராலை எடுத்தால்தான் வழி என்று சார் தன்மையாகச் சொன்னார். மனிதர் எகிறிவிட்டார்.

“எம் பொஞ்சாதி விட்ட மீனு! அதை எடுக்கணும்னா மொதல்ல என்னை எடுங்க!”

எனக்கு வந்ததே கோபம்! வாசலுக்கு வந்ததும், “கெழட்டு முரடு! வயித்துப் பிள்ளைக்காரிய வச்சுக்கிட்டு மீனுக்காக மல்லுக்கு நிக்காரே” என்று பொரிந்து தள்ளினேன்.

“அவரு மீனுக்காக நிக்கலம்மா” என்றார் சார்.

அந்த வாரமே பத்மாவுக்குக் குளிர்காய்ச்சல். நான்தான் போய் ரத்தம் எடுத்தேன். இடது கை மோதிர விரலைப் பஞ்சால் துடைத்து, ஓரத்தில் குத்தி, துளியைக் கண்ணாடியில் தடவ வேண்டும். “அக்கா, இதுவும் போயிருமாக்கா?” என்று கேட்டாள். நானும் வயிற்றுப் பிள்ளையோடு வேதனைப்பட்டவள்தானே. அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆய்வகத்தில் பார்த்தார்கள். மலேரியாதான்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சார் டாக்டரிடமே போய் நின்றார். வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. டாக்டருக்குத் தெரியும்தான், இருந்தாலும் சாருக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரும் கோபித்துக்கொள்ளாமல், அந்த மாத்திரை எழுதாத சீட்டை எடுத்துக் காட்டினார். காய்ச்சல் இறங்கும் வரை நானும் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். சுபேதார் வராந்தாவில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“லட்சுமியம்மா, டாக்டர் சொல்லிட்டாரு. பிள்ளை அசையுதாம், பொழச்சுக்கிட்டா. ஆனா மறுபடியும் கடிச்சுதுன்னா தாங்காதாம்.” மீசை துடித்தது. “இவனை எடுத்துருவோம். ஆனா தூண்டி போடக் கூடாது. கறிக்கும் போகக் கூடாது.”

மறுநாள் அவரே கிணற்றில் இறங்கினார். கூடையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, பொரியைத் தூவி, “ரா, ரா” என்று கூப்பிட்டார். அது எப்போதும் போல வந்தது. நம்பி வந்தது. கூடையைத் தூக்கும்போது அந்த மனிதர் அழுதுவிட்டார். நான் முந்தி ஏசியதையெல்லாம் நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஓடையில் விட்டுவிடலாமா என்றேன். “அங்க பொட்டு மீனு இருக்கும்மா” என்றார் சார், உடனே. அதனால் வத்திராயிருப்பில் என் அக்கா வீட்டுத் தென்னந்தோப்புக் கிணறு என்று முடிவாயிற்று. சுபேதார் உள்ளே போய் ஒரு பித்தளைத் தூக்குவாளியைக் கொண்டுவந்தார். மூடியில் அவர் மனைவி பெயர் வெட்டியிருந்தது.

வத்திராயிருப்பு பஸ்ஸில் மடியில் வாளியோடு உட்கார்ந்தேன். விரால் லேசுப்பட்டதா? காற்றையே குடித்து உயிரோடு இருக்கும். வழி நெடுக மூடியை டமார் டமார் என்று முட்டியது. கண்டக்டர் வந்து நின்றார்.

“என்னம்மா உள்ள?”

“அரசாங்க வேலை.”

“அரசாங்கம் இப்பிடி முட்டுமா?”

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய விராலு! மாங்கா போட்டு வச்சா எப்பிடி இருக்கும்!” என்றாள். வாளியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அத்தானிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிய பிறகுதான் கிணற்றில் விட்டேன். அது கடைசிவரை அங்கேதான் இருந்தது. சுபேதார் மாதம் ஒருக்காப் பொரிப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார்.

சுபேதார் கிணற்றில் உடனே கம்பூசியா விட்டோம். புழு ஒழிந்தது, தெருவில் காய்ச்சலும் நின்றது. மழை பிந்திய அந்தக் கோடையில் கிணறு அடிவரை வற்றிவிட்டது. தூர் வாரியபோது எங்கள் மீனும் போயிற்று. அப்புறம் மழை பெய்து கிணறு ஊறிய நேரத்தில் பத்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்ட செய்தி வந்தது. தாயும் பிள்ளையும் நலம். நான் தொட்டியடியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். சார் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் போனார்.

தூக்குவாளி என்னிடமே இருந்தது. பிள்ளை பார்க்கப் போகும்போது கொடுத்துவிடலாம் என்று எடுத்துத் தேய்த்தேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சீனி, பழம், ஒரு பிடி அரிசி, எதையாவது போட்டுத்தான் கொடுப்போம். என்ன போடலாம் என்று நான் யோசிப்பதைப் பார்த்த சார், கடைசித் தொட்டியின் வலையை அவிழ்த்தார். அந்தப் பொட்டு மீன்களை அவர் அதுவரை எந்த வீட்டுக்கும் கொடுத்ததில்லை. ஆணும் பெட்டையுமாகப் பொறுக்கி, வாளியில் விட்டார்.

“அந்த மனுஷன் மீனை நல்லாப் பாத்துக்குவாரும்மா. அவரு கிட்ட இருக்கட்டும்.”

சாரும் நானும் பிள்ளை பார்க்கப் போன அன்றைக்கு, வாளியைக் கிணற்றில் இறக்கி, செத்த நேரம் மிதக்கவிட்டு, சுபேதாரே சாய்த்தார். பொட்டு மீன்கள் வெளியே வந்து கல்லோரத்தில் வரிசையாக நின்றன. கயிற்று நுனியைப் பிரித்துத் தொங்கவிட வேண்டும், நைந்தால் மாற்ற வேண்டும் என்று சார் சொன்னார். சுபேதார் ராணுவ உத்தரவு வாங்கியது போல நிமிர்ந்து நின்று தலையை ஆட்டினார்.

சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். பிறகு அவர் காலமான செய்திதான் வந்தது. பின்னால் வந்தவர்கள் கடைசித் தொட்டியையும் கம்பூசியாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் சண்டை போட்டேன், நடக்கவில்லை. சுபேதாரும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் வேறு ஊர்களுக்கு மாறிப் போனேன், அந்தப் பக்கம் போகவே வாய்க்கவில்லை.

ஷர்மிளா கேட்டபோது எனக்கு முதலில் ஓடைதான் ஞாபகம் வந்தது. அது இப்போது வனத்துறைக் காவலில் இருக்கிறது, ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்க விட மாட்டார்கள். அதுவும் நல்லதுதான். அப்போதுதான் கிணற்றின் நினைப்பு வந்தது. வந்ததும் பயமும் வந்தது. ராஜபாளையத்தில் இப்போது எத்தனை வீட்டில் கிணறு இருக்கிறது? மண்ணைப் போட்டு மூடி மேலே கார் நிறுத்துகிறார்கள்.

போன வாரம் ஷர்மிளாவோடு போனேன். வீட்டின் முகப்பே மாறியிருந்தது. கதவைத் திறந்தவளுக்குத் தலை நரைத்திருந்தது.

“ஒரு செம்பு தண்ணி தாங்கம்மா” என்றேன்.

உற்றுப் பார்த்தாள். “லட்சுமியக்கா!” என்று கத்திக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள் பத்மா. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவள் மகள் காவ்யா. அன்றைக்கு வயிற்றில் இருந்தவள். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாளாம். நெடுநெடுவென்று தாத்தா உயரம். அவளைப் பார்த்துக்கொண்டே தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

கிணறு இருந்தது. மேலே இரும்புக் கம்பி வலை, பக்கத்தில் மோட்டார். வாளி போட்டு இறைப்பார் யாருமில்லை, ராட்டினமே கிடையாது. ஆனால் கம்பி வலையிலிருந்து ஒரு தென்னங்கயிறு தண்ணீர்வரை தொங்கியது. புதுக் கயிறு. நுனி பிரிந்திருந்தது.

“அப்பா சொல்லிட்டுப் போனாருக்கா, கயிறு நைஞ்சா மாத்தணும்னு. எதுக்குன்னு வேற யாருக்குத் தெரியும்? எல்லாரும் சிரிப்பாங்க. நாங்க மாத்திருவோம்.”

ஷர்மிளா போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். கல்லோரத்தில் வெள்ளிப் பொட்டுகள். ஒன்று, இன்னொன்று, அந்தப் பக்கம் ஒரு கூட்டம். சார், நீங்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். ஷர்மிளா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பத்மா உள்ளே போய் அதே தூக்குவாளியோடு வந்தாள். மூடியில் பெயர் தேய்ந்து போயிருந்தாலும் படிக்க முடிந்தது. காவ்யா கம்பி வலையைத் திறந்து, வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, பொறுமையாகக் காத்திருந்து தூக்கினாள். வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப விட்டோம்.

பொட்டு மீன்கள் இப்போது அலுவலகத்துப் பழைய தொட்டியில் இருக்கின்றன. மேலே கொசுவலை, உள்ளே தென்னங்கயிறு. நேற்று ஷர்மிளா போன் பண்ணி, கயிற்றில் முட்டை ஒட்டியிருக்கிறது என்று குழந்தை மாதிரிக் கத்தினாள்.

தூக்குவாளி என் வீட்டில் இருக்கிறது. தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாதே, அதில் என்ன போடலாம் என்று தினமும் யோசிக்கிறேன். பத்மாவிடமே கேட்டேன். “நீங்க எதைக் கொண்டாந்தாலும் சரிக்கா, விரால் மட்டும் வேண்டாம்” என்றாள்.